ஆறு மணிக்கு வருகிறவர்

டெல்லியிலிருந்து அந்தக் கடிதம் வந்த அன்று சொர்ணம்மாள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் ஜவ்வரிசி வடகம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அறுபத்தாறாம் வருஷம், மே மாசம். ரேஷனில் அரிசியை அளந்து அளந்து போட்ட காலம். அரிசி வடகத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. செம்பூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நாலு பக்கமும் புகைபோக்கிகள். காற்று கொஞ்சம் திரும்பினால் கரி பொடிப்பொடியாக வந்து விழும். அதனால் ஒரு பழைய கயிற்றுக் கட்டிலில் துணியை விரித்து வடகத்தை ஊற்றி, அதற்கு மேலே மல் வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டுவாள். வடகத்துக்குக் கொசுவலையா என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பஞ்சாபிக்காரி சிரிப்பாள்.

கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மணி மூன்றுகூட ஆகவில்லை. அவள் வீட்டுக்காரர் கோமதிநாயகம் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து அவள் பார்த்ததில்லை. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கும்போதே அவர் படியேறி வந்துவிட்டார்.

"என்ன, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு என்ன. கடுதாசி வந்திருக்கு."

"டெல்லியில இருந்தா?"

"ஆமா. என்னையத்தான் போட்டிருக்கான். மேனேஜிங் டைரக்டர்."

சொல்லிவிட்டுக் கட்டிலின் சட்டத்தில் உட்கார்ந்தார். சந்தோஷச் செய்தி சொல்கிற மனுஷனின் முகமாக அது இல்லை. ஓரத்தில் காய்ந்திருந்த ஒரு வடகத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, புகைபோக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்பெனி சர்க்கார் கம்பெனி. காற்றை அழுத்தி அனுப்புகிற பெரிய பெரிய கம்ப்ரெஸர் மெஷின்களைச் செய்கிற இடம். ஐம்பத்தாறில் அங்கே வெறும் சதுப்பும் முள்ளும்தான் கிடந்தன. மாதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நல்ல வேலையில் இருந்த கோமதிநாயகம் அதை விட்டுவிட்டு, இரண்டாவது இஞ்சினியராக இங்கே வந்தார். முதல் மழைக்காலம் முழுவதும் கூடாரத்தில் இருந்தார். இப்போது ஆயிரத்து நானூறு பேர் வேலை பார்க்கிறார்கள். தலைவராக இருந்தவர் டெல்லி உத்தியோகஸ்தர். தவணை முடிந்து அவர் திரும்பிப் போய்ப் பதினாலு மாசமாகிறது. அன்றிலிருந்து அவர் வேலையையும் தன் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் கோமதிநாயகம்தான்.

"பொறவு ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கிய?" என்றாள் சொர்ணம்மாள்.

"முந்தி இருந்தவருக்குக் குடுத்த சம்பளத்தை எனக்கும் குடுங்கன்னு எழுதியிருந்தேன்லா. முடியாதுங்கான். அவர் வாங்கினதுல இருந்து ஆயிரம் ரூவாய் கொறைச்சுப் போட்டிருக்கான். அதே நாற்காலி. அதே மேசை."

அவருக்குப் பணத்தாசை கிடையாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் சொர்ணம்மாள் அதைக் கண்டவள். சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று அவளைத்தான் கேட்பார். பிள்ளையும் இல்லை. யாருக்குச் சேர்க்க வேண்டும்? ஆனாலும் அந்த ஆயிரம் ரூபாய் அவரை எங்கேயோ குத்திவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கிட்டு வந்தார். மாதுங்காவாசி. கம்பெனி செக்ரட்டரி. டெல்லியிலிருந்து வருகிற காகிதம் எதுவானாலும் அவர் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். காப்பியை டபராவில் ஆற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சொர்ணம்மாள்தான் அடுக்களை நிலைப்படியில் நின்றபடி கேட்டாள்.

"ஏன் கொறைச்சாங்க? இவுக அவரைவிட வேலையில கொறைஞ்சவுகளா?"

"அப்படி இல்லை மாமி. முன்னால இருந்தவர் டெல்லி மனுஷர். அங்கே என்ன வாங்கிண்டிருந்தாரோ அதைத் தூக்கிண்டு வந்தார். அது அவரோட சம்பளம். நாற்காலியோட சம்பளம் இல்லை. சார் உள்ளேயே இருக்கறவர். உள்ளே இருக்கறவாளுக்கு, கடைசியா வாங்கின சம்பளத்துக்கு மேலே கொஞ்சம் போட்டுத் தருவா. அதான் ரூல்."

"அப்போ வெளியே இருந்து ஒருத்தர் வந்தா?"

"தனியார் கம்பெனியிலேர்ந்து இழுத்துண்டு வரணும்னா, அவன் அங்கே வாங்கினதைக் குடுக்காம வருவானோ? அதுக்கு ஸ்பெஷல் கேஸ்னு ஒண்ணு இருக்கு. கேபினட் வரைக்கும் போகும்."

கோமதிநாயகம் சிரித்தார். "நான் பத்து வருசமா இங்கனயே கெடந்ததுதான் தப்புங்காரு, கேட்டியா."

"தப்புன்னு யார் சொன்னா சார். டெல்லியில நம்ம ஃபைலைப் பாக்கற செக்ரட்டரி என்ன வாங்கறாரோ, அதை ஒட்டித்தான் நமக்குக் கூரை போடுவா. அந்தக் கூரைக்குள்ளேயும் நம்ம கம்பெனி சின்னது. ஆள் எத்தனை, போட்ட முதல் எவ்வளவுன்னு பாத்து மூணாம் கிளாஸ்ல வச்சிருக்கா. இதுக்கு மேல பார்லிமெண்ட் வேற. ஜனங்க ரேஷன் கடையில நிக்கறச்சே சர்க்கார் கம்பெனிக்காரனுக்கு இத்தனை சம்பளமான்னு ஒரு மெம்பர் எழுந்து கேட்டுட்டா மந்திரி என்ன பதில் சொல்வார்?"

"அந்த மெம்பர் கேக்கதும் நியாயந்தானே" என்றாள் சொர்ணம்மாள். அன்று காலையில்தான் ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தாள். "போன வருசம் கம்பெனிக்கு லாபம் வந்துச்சே. அதை ஒண்ணும் பாக்க மாட்டாங்களா?"

"லாபம் வந்தா விலையைக் குறைன்னுவா. நஷ்டம் வந்தா ஆளைக் குறைன்னுவா. சம்பளத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"அப்போ இவுக பாக்குத வேலை இதுல எங்கனதான் வருது?"

கிட்டு டபராவைக் கீழே வைத்தார். நல்ல மனுஷர். பொய் சொல்ல அவருக்கு வராது.

"ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லை மாமி."

கிட்டு போன பிறகு கோமதிநாயகம் வாசலில் நின்று ஷிப்டு மாறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கு ஊதியது. சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாகப் போயின. போகிறவர்கள் அவருக்கு சலாம் வைத்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கினார்.

"ஒரு வீட்டை நின்னு கட்டினவனைவிட, அந்த வீட்டுக்கு விருந்தாளியா வந்தவன் ஒசந்தவன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்பியிருக்கான்" என்றார், திரும்பிப் பார்க்காமல். "அதைத்தான் என்னால செமிக்க முடியலை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்னொரு கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார். அது வந்து ஒரு மாசமாகியிருந்தது. ஒரு சோப்புக் கம்பெனி, தனியார் கம்பெனி. தங்கள் ஆலைகளையெல்லாம் மேற்பார்வை பார்க்க அவரை வரச் சொல்லியிருந்தார்கள். சம்பளம் டெல்லிக்காரர்கள் கொடுப்பதாகச் சொன்னதைப் போல இரண்டு பங்கு. பெடர் ரோட்டில் கடல் தெரிகிற ஃபிளாட். கார், டிரைவர்.

"சனி, ஞாயிறு லீவு. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்திரலாம்" என்றார். "நீ என்ன சொல்லுதே, சொர்ணம்?"

அவள் சொதிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

ஆறு மணி என்ற ஒரு வார்த்தைதான் அவள் காதில் விழுந்தது. கல்யாணமான புதிதில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆறு மணிக்கு வந்துவிடுவார். முகம் கழுவி, திருநீறு பூசி, மடித்த சட்டை போட்டுக்கொண்டு, "நடந்துட்டு வருவோமா" என்பார். அங்கே அடுத்தடுத்து இருந்த ஐந்து தோட்டங்களையும் சுற்றி நடப்பார்கள். ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கி இரண்டு பேரும் தின்பார்கள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொண்டதில்லை. அப்படிப் பன்னிரண்டு வருஷம். பிறகு இந்தக் கம்பெனி வந்தது. பத்து வருஷமாக ராத்திரிச் சோற்றைத் தனியாகத் தின்கிறாள். தீபாவளிக்குக்கூட எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஃபவுண்டரிக்கு ஓடியிருக்கிறார். அவள் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டது இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிப்டுச் சங்கு ஊதும்போதெல்லாம், வெளிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பாள். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். பழக்கம்.

"போவோம்" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். வேறு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

ஆகஸ்டில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். நல்ல மழை. சாமான் ஏற்ற ஷிப்டு ஃபோர்மேன் முகம்மது ஹனீப் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் குடியிருப்பவர். கூடாரத்துக் காலத்திலிருந்து கோமதிநாயகத்தோடு இருக்கிறவர். ஆட்டுக்கல்லைத் தானே தூக்கி லாரியில் வைத்தார். மழையில் நனைந்துகொண்டே, "ஐயா, போற இடத்துல சோப்புத்தானே. கை சுத்தமா இருக்கும்" என்றார். அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

பெடர் ரோட்டு ஃபிளாட் நாலாவது மாடி. லிஃப்ட் இருந்தது. சமையலுக்கு ஆள் வேண்டுமா என்று கம்பெனியே கேட்டது. வேண்டாம் என்றாள். ஆறு மணிக்கு வாசல் மணி அடிக்கும். அவர் நிற்பார். முதல் மாசம் முழுக்க சொர்ணம்மாள் ஐந்தரை மணிக்கே தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டாள். ஒருநாள் பஜ்ஜி, ஒருநாள் சுண்டல், ஒருநாள் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. தின்றுவிட்டு மலபார் ஹில் வரைக்கும் நடந்து போனார்கள். மழை விட்ட சாயங்காலங்களில் கடல் வெள்ளித் தகடு மாதிரி கிடந்தது. தனக்கு இனி என்ன வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

தீபாவளி கழிந்த பிறகுதான் அவள் கவனித்தாள். அவர் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். "ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்றால், "சோப்பு நுரைக்கி" என்பார். அவ்வளவுதான்.

செம்பூரில் ஒன்பதரைக்கும் பத்துக்கும் வருவார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். அவளைப் பரிமாற உட்காரவைத்து, ரசத்துக்கும் மோருக்கும் நடுவே அன்றைக்கு நடந்தது அத்தனையும் சொல்வார். எந்த வார்ப்பில் ஓட்டை விழுந்தது, எந்த லேத்துக்காரனுக்குப் பெண் பிறந்தது, எந்த மெஷின் எந்தச் சத்தம் போட்டது என்று. பாதி தூக்கத்தில் கேட்பாள். கேட்டுக் கேட்டே ஆயிரத்து நானூறு பேரில் முந்நூறு பேரின் பேராவது அவளுக்குத் தெரியும். பத்து வருஷமாகத் தான் தனியாக இருந்ததாகத்தான் நினைத்திருந்தாள். அந்த அரைமணி நேரத்தில் அவர் எத்தனை பேரை வீட்டுக்குள் கூட்டிவந்திருக்கிறார் என்பது இப்போதுதான் உறைத்தது.

ஃபிளாட்டின் முன்பக்கம் கடல். ஆனால் அவர் நிற்பது பின்பக்கம், துணி உலர்த்துகிற சின்ன ஜன்னல் ஓரத்தில். ஒருநாள் போய்ப் பக்கத்தில் நின்றாள். எதிரே வேறு ஒரு கட்டிடத்தின் முதுகுதான் இருந்தது. குழாய்களும் பாசியும்.

"இங்கன என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை."

அந்த ஜன்னல் செம்பூர்த் திசையைப் பார்த்தது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. போவோம் என்று சொன்னவள் அவள்தானே.

மறு வருஷம் மார்ச்சில் கிட்டு வந்தார். தலைவர் நாற்காலி ஏழு மாசம் காலியாகக் கிடந்ததாம். கடைசியில் ஒரு தனியார் கம்பெனியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்களாம். வெகு நேரம் மாதுங்காவில் காய்கறி விற்கிற விலையைப் பேசிவிட்டு, போகிறபோது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஸ்பெஷல் கேஸா பாஸ் பண்ணிட்டா சார். நீங்க கேட்டதைவிட ஐந்நூறு ஜாஸ்தி."

கோமதிநாயகம் சிரித்தார்.

"நான் போனதுலதான் அந்த நாற்காலிக்கு விலை கூடியிருக்கு. நல்லதுதான். ஆள் எப்படி?"

"நல்ல மனுஷர்தான். மெஷின் தெரியாது. கத்துக்கப் பாக்கறார்."

"கத்துக்கட்டும். ஹனீபைப் பக்கத்துல வச்சுக்கச் சொல்லும்."

அன்று அவர் வெகு நேரம் அந்தப் பின்பக்க ஜன்னலில் நின்றார்.

அறுபத்தெட்டு ஜனவரி. ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் நாலு மணி இருக்கும். லிஃப்ட்காரனோடு யாரோ இந்தியில் வாதாடும் சத்தம் கேட்டு சொர்ணம்மாள் கதவைத் திறந்தாள். ஹனீப் நின்றுகொண்டிருந்தார். வேலை உடுப்பில் இருந்ததால் லிஃப்ட்காரன் பின்படி வழியாகப் போகச் சொல்லியிருக்கிறான். அவர் மாடிப்படி ஏறியே வந்துவிட்டார்.

"வாரும், வாரும். இவுக வர இன்னும் ரெண்டு மணி நேரமாகுமே."

"தெரியும்மா. அம்மாகிட்ட கேட்டுட்டுப் போகலாம்னுதான் இந்த நேரத்துல வந்தேன்."

உட்காரச் சொன்னாலும் சோபாவில் உட்காரவில்லை. நின்றபடியே தண்ணீர் குடித்தார். கோமதிநாயகம் வரைபடம் போட்டு வைத்துவிட்டுப் போன பெரிய கம்ப்ரெஸர் இப்போதுதான் உருவாகி நிற்கிறதாம். அந்த அளவில் நாட்டிலேயே யாரும் செய்ததில்லை. மூன்று மாசமாக ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டும்போதெல்லாம் வால்வு உடைகிறதாம்.

"மூணு தடவை மாத்தியாச்சும்மா. ஓடும்போது கட்டிடமே நடுங்குது. புது சார் பாவம், தூங்கதே இல்லை. ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேப்போம்னு நான் சொன்னேன். அவருக்கும் ஆசைதான். ஆனா வேலையை விட்டுப் போனவர்கிட்ட கம்பெனி யோசனை கேக்கணும்னா, அதுக்கு எவ்வளவு ஃபீஸ்னு போர்டு தீர்மானம் போடணுமாம். தீர்மானம் டெல்லிக்குப் போகணுமாம். அங்க, அந்த ஃபீஸ் எந்த சம்பளத்தைக் கணக்கு வச்சுன்னு கேட்டு எழுதியிருக்காங்க. அதுக்குள்ள ஜெர்மனியில இருந்து ஆளைக் கூப்பிடலாம்னு பேச்சு வந்தாச்சு."

"இவுகளே நேரா அங்க வந்து பாத்தா?"

"கேட்டுல விட மாட்டாங்கம்மா. பாஸ் வேணும்."

சொர்ணம்மாள் யோசித்தாள். பிறகு சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாங்க உங்க வீட்டுக்குச் சாப்பிட வாரோம். வீட்டுக்காரி நூர் நிஷாகிட்டச் சொல்லும்."

ஹனீப் திகைத்துப்போனார். "அம்மா, நீங்க சைவம்லா."

"சைவமாப் பொங்கச் சொல்லும்."

ஆறு மணிக்கு வந்த கோமதிநாயகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது இப்போ என் மெஷின் இல்லை, சொர்ணம்" என்றார்.

"யாரு மெஷினைப் பாக்கப் போறா? நூர் நிஷா வீட்டுக்குச் சாப்பிடப் போறோம். வாரோம்னு வாக்குக் குடுத்தாச்சு."

சனிக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு பென்சிலைச் சீவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

தாராவியில் அந்தச் சந்துக்குள் கார் போகாது. அதனால் டிரைவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் தோல் பதனிடுகிற வாடை. ஒரு கூடத்தில் ஆட்டுத் தோல்களை உப்புப் போட்டு அடுக்கியிருந்தார்கள். அடுத்த வாசலில் திருநெல்வேலிப் பெண்கள் இட்லிக்கு அரைத்துக்கொண்டே, "யாரு வீட்டுக்கு?" என்று கேட்டார்கள். ஹனீபின் வீடு ஒரே அறை. மேலே பரண், தகரக் கூரை. நூர் நிஷா தலையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வாங்கக்கா. புதுச் சட்டி வாங்கித்தான் பொங்கியிருக்கேன். கரண்டியும் புதுசு. மனசுல ஒண்ணும் வச்சுக்காதிய."

"எதுக்கு இந்தச் செலவு" என்றாள் சொர்ணம்மாள். அவள் முன்பின் ஒரு துலுக்கர் வீட்டில் கை நனைத்ததில்லை. பாயில் உட்கார்ந்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நெய்ச்சோறும் கத்தரிக்காய்த் தாளிச்சாவும் தட்டில் விழுந்தபோது, அந்த நெய் வாசத்தில் கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள். ரேஷன் காலத்தில் இத்தனை நல்ல அரிசியை நூர் நிஷா எங்கே பிடித்தாள் என்று மட்டும் கேட்கவில்லை.

கோமதிநாயகம் நாலு வாய் சாப்பிட்டார். பிறகு, "சத்தம் எப்படி இருக்கு வே?" என்றார்.

ஹனீப் அதற்குத்தான் காத்திருந்தார். தட்டைத் தள்ளிவிட்டு வாயாலேயே அந்த மெஷினை ஓட்டிக் காட்டினார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. வலது கையால் தரையில் தட்டி அதிர்வைக் காட்டினார். கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அங்கன நிறுத்தும். அந்த வேகத்துலதானே நடுங்க ஆரம்பிக்கு?"

"அதே வேகத்துலதான். அதைத் தாண்டிட்டா கொஞ்சம் அடங்குது."

"கூலரை எங்கன வச்சிருக்கு? நான் போட்ட இடத்துலயா?"

"இல்லைய்யா. தெக்குச் சுவர்ப் பக்கம் மாத்தியாச்சு. தீயணைப்புக்காரங்க சொன்னாங்க."

"அப்போ கூலருக்குப் போற குழாய் எத்தனை அடி கூடிச்சு?"

"பதினாலு அடி."

கோமதிநாயகம் கண்ணைத் திறந்தார். சொர்ணம்மாள் அந்த முகத்தைப் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"வால்வுல ஒரு கோளாறும் இல்லை வே. குழாய்க்குள்ள காத்து ஊஞ்சல் ஆடுது. ஊஞ்சல் முன்னுக்கு வரும்போதெல்லாம் நம்ம பிஸ்டன் இன்னொரு தள்ளு தள்ளுது. வால்வு என்ன செய்யும், ஒடையத்தான் செய்யும்."

சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் கழிந்துபோன டிசம்பர்த் தாளைக் கிழித்துக் கொடுத்தாள் நூர் நிஷா. அதன் முதுகில் அவர் வரைய ஆரம்பித்தார். எச்சில் கையைக்கூடக் கழுவவில்லை. இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டார். சிலிண்டரை ஒட்டி ஒரு இரும்புக் கலம் வைக்க வேண்டும், காற்று முதலில் அதற்குள் போய்ப் படுத்து எழுந்து பிறகு குழாய்க்குள் போக வேண்டும் என்றார். எத்தனை கன அடி, எவ்வளவு கனத் தகடு, எந்த இடத்தில் தாங்கு கால் என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, ஹனீபைப் பதில் சொல்லவைத்தார். இரண்டு பேரும் தர்க்கித்தார்கள். ஒரு இடத்தில் ஹனீப், "ஐயா சொல்லுதது தப்பு" என்றார். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு அழித்து வேறு மாதிரி போட்டார். மணி நாலாகிவிட்டது. நூர் நிஷா இரண்டு டம்ளரில் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டும் ஆறிப்போயின.

"நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு இதான் சினிமாக்கா" என்றாள் நூர் நிஷா தணிந்த குரலில்.

சொர்ணம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது ஹனீப் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார். "யாரு யோசனைன்னு சார் கேட்டா என்னய்யா சொல்ல?"

"உம்ம யோசனைன்னு சொல்லும். உமக்குத் தீர்மானம் போட வேண்டாம்லா." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு மறுபடியும் நின்றார். "ஓட ஆரம்பிச்சா, எனக்கு ஒரு ஆளை அனுப்பிச் சொல்லும். எப்படிச் சத்தம் போடுதுன்னு."

அந்தக் கலத்தை வைத்த பிறகு மெஷின் மார்ச் மாசத்தில் ஓடியது. டெல்லிக்குப் போன அறிக்கையில் கோமதிநாயகத்தின் பேரும் இல்லை, ஹனீபின் பேரும் இல்லை. வெளிநாட்டு நிபுணருக்கு ஆகியிருக்க வேண்டிய செலவு மிச்சமானது என்று ஒரு வரி இருந்ததாகக் கிட்டு பின்னால் சொன்னார். அந்தச் சோப்புக் கம்பெனியில்தான் கோமதிநாயகம் வயசாகி வெளியே வரும்வரை இருந்தார். திரும்பிப் போக யாரும் கூப்பிடவில்லை. அவராகக் கேட்கவும் ஒரு வழி இல்லை.

தாராவியிலிருந்து திரும்பிய அன்றைக்கு மாஹிமில் மாடி பஸ் கிடைத்தது. மேல் தளத்தில் முன்சீட்டு காலியாக இருந்தது. கண்டக்டரிடம் அவர் பெடர் ரோட்டுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்தார்.

"அந்தக் காத்து இருக்கே சொர்ணம், அதுக்கு ஒரு நீளம் உண்டு. குழாய்க்கும் ஒரு நீளம். ரெண்டும் ஒண்ணாகிப் போச்சுன்னா..." முன் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். கூடாரத்துக் காலத்தில் இதே மாதிரி ஒரு தடவை ஆனதைச் சொன்னார். அப்போது ஹனீப் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பைப் பூட்டியதைச் சொன்னார். பூலோகம் என்று ஒரு வெல்டர் இருந்தான், அவன் மாதிரி கை யாருக்கும் வராது, அவன் இப்போது எங்கே இருக்கிறானோ என்றார். வொர்லியில் கடல் பக்கத்தில் வந்தது. வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பாக இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஹாஜி அலி போனது. பஸ் மேட்டில் முக்கி முக்கி ஏறியது.

அவர்கள் வீட்டு ஸ்டாப் வந்தது. கீழே மணி அடித்தது, ஆட்கள் இறங்கினார்கள். தங்கள் கட்டிடத்தின் வாசலையும், அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவல்காரனையும் சொர்ணம்மாள் மேலேயிருந்து பார்த்தாள். அவர் இரண்டாம் கட்டத்து வால்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் "ஊம்" கொட்டினாள். பஸ் புறப்பட்டது.

சௌபாத்தி இறக்கத்தில் கண்டக்டர் மேலே வந்தான். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, பெடர் ரோடு போய்விட்டதே என்று இந்தியில் ஆரம்பித்தான். அவர் காதில் அது விழவில்லை. சொர்ணம்மாள் பையைத் திறந்து சில்லறையை எடுத்துச் சத்தமில்லாமல் அவன் கையில் வைத்தாள்.

"கொலாபா, தோ" என்றாள், இரண்டு விரலைக் காட்டி. அதுதான் பஸ் போகிற கடைசி இடம்.